எந்த ரூம், தாயி?

கோலம் நன்றாகப் போடுகிறவர்களிடம் மின்கம்பிகளுக்குப் பாதை வரையும் வேலையைக் கொடுக்கக் கூடாது. பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லித் தருவதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கோலத்தைப் போட்டவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, தூத்துக்குடியில் தங்கச்சாமி அண்ணாச்சி என்ற காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். 'சேர்ந்திருந்தேன்' என்பது என் எண்ணம். அவரைப் பொறுத்தவரை நான் 'பார்ப்போம்' என்ற நிலையில் இருந்தேன்.

"பொம்பளப் பிள்ளைய வயரிங் வேலைக்கு வச்சிருக்கேன்னு அவனவன் கேலி பேசுதான். இந்த எறா கம்பெனி வேலை சுத்தமா முடிஞ்சா நீ இங்கனயே இரு. இல்லன்னா டைப்ரைட்டிங் படிச்சிட்டு வேற எடம் பாரு, தாயி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். (டைப்ரைட்டிங் எனக்கு ஏற்கெனவே தெரியும். வெளியே தெரிந்தால் அந்த மெஷின் முன்னாலேயே உட்கார வைத்துவிடுவார் என்று மூச்சுவிடவில்லை.)

எறா கம்பெனி என்பது கடற்கரைச் சாலையில் சூசை முதலாளி கட்டிய கட்டடம். இறாலை உரித்து, உறையவைத்து, கப்பலேற்றுவதற்கு நான்கு குளிரறைகள். முதலாளி கேட்டது ஒன்றுதான்: எந்தக் குளிரறையில் சூடு ஏறினாலும் தன் அலுவலகத்தில் மணி அடிக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு தெர்மோஸ்டாட், அதாவது குளிர் குறைந்தால் மின்தொடர்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி. அவற்றிலிருந்து மணி வரைக்கும் கம்பிகள் எப்படிப் போக வேண்டும் என்று வரைவது என் பொறுப்பு.

முறைப்படி செய்தால் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கம்பி, அலுவலகத்தில் நான்கு விளக்கு, ஒரு மணி. முதலில் அப்படித்தான் வரைந்தேன். பார்க்க விளக்குமாறு மாதிரி இருந்தது. மார்கழியில் எங்கள் தெருவே நின்று பார்க்கும்படி சிக்குக்கோலம் போடுகிறவள் நான். கை எடுக்காமல், தொடங்கிய இடத்திலேயே முடிகிற ஒற்றை இழை. இந்த விளக்குமாற்றை என் பெயரில் விட மனம் வரவில்லை. வேறு தாளில் மறுபடி வரைந்தேன். அலுவலகத்தில் புறப்பட்ட கம்பி முதல் அறைக்குள் நுழைந்து, வெளியே வந்து, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. எந்த அறையில் தொடர்பு அறுந்தாலும் மணி அடிக்கும். பென்சிலைத் தாளை விட்டு எடுக்கவே இல்லை. அவ்வளவு அழகு.

அண்ணாச்சிக்கு அழகு முக்கியமில்லை. "வயரு பாதிகூட ஆவாது போலுக்கே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. கம்பி வேலை முடிந்தது. ஒவ்வொரு முனையிலும் எண் போட்ட சீட்டு கட்டினேன். முடுக்கிய திருகையெல்லாம் இன்னொரு முறை முடுக்கினேன்.

திறப்பு விழாவுக்கு முன்பே முதல் சரக்கு குளிரறைகளில் ஏறிவிட்டது. விழாவன்று வெயில் கண்ணைக் கூச வைத்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, எல்லா இடத்திலும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மகள் பொருத்திய பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். சடங்கு முடிந்ததும் முதலாளி விருந்தாளிகளைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நான் சுவரில் இருந்த மணிக்குப் பக்கத்தில் மணப்பெண் தோழி மாதிரி நின்றேன்.

"உள்ள எங்கயாச்சும் கொஞ்சம் சூடு ஏறுனாப் போதும், இந்த மணி தானா அடிச்சிரும். ஆனா மாதா புண்ணியத்துல அது அடிக்கவே கூடாது" என்றார் முதலாளி.

மணி அடித்தது.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். அடித்துக் காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். முதலாளியும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"எந்த ரூம், தாயி?"

என் கோலத்தில் அதற்குப் பதிலே கிடையாது. நான்கில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, அவ்வளவுதான் மணிக்குத் தெரியும்.

"நாலுல ஒண்ணு, முதலாளி" என்றேன்.

"அது எனக்கே தெரியுமே" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். (அங்கே டைப்ரைட்டர் எதுவும் தொங்கவில்லை.)

வெப்பமானிகள் அறைகளுக்கு உள்ளே இருந்தன. திறந்து பார்த்தால்தான் தெரியும். நானும் அண்ணாச்சியும் ஓடினோம். உதவிக்கென்று விருந்தாளிகளும் ஓடி வந்தார்கள். நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. உள்ளேயிருந்து வெண்புகையாகக் குளிர் கிளம்பி வந்தது. வெயிலில் வெந்து வந்தவர்களை இனி யார் தடுப்பது? சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு நின்றார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். முதலாளியின் அத்தை ஒருவர் இறால் பெட்டிமேல் உட்கார்ந்தேவிட்டார். "குத்தாலம் மாதிரில்லா இருக்கு. இவ்வளவு நாளா சொல்லாம வச்சிருக்கான் பாரு" என்றார்.

"அத்தை, எறா கெட்டுப்போவும். எந்திரிச்சு வாங்க" என்று முதலாளி கெஞ்சினார்.

"நான் ஒருத்தி இருந்தா கெட்டுருமாக்கும்" என்றார் அத்தை.

முதலில் ஏதோ ஓர் அறையில்தான் கோளாறு. கதவுகளைத் திறந்து தேடித் தேடி, இப்போது நான்கிலும் நிஜமாகவே சூடு ஏறிவிட்டது. மணி சத்தியமாக அடித்தது. முதலாளியின் முதல் சரக்கும் என் வேலையும் சேர்ந்தே உருகிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்று மட்டும் தோன்றியது. நடுக் கூடத்தில் நின்று, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் சொன்னேன்: "பந்தி போட்டாச்சு. எல்லாரும் சாப்பிட வரலாம்."

குளிரறைகள் காலியாயின. அத்தைதான் முதல் ஆள். (இலை இன்னும் கழுவியிருக்கவில்லை. சமையல்காரர் என்னைத் திட்டிய சொற்களில் சிலவற்றுக்கு இன்றுவரை பொருள் தெரியாது.) கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துத் தாழிட்டேன். நெடுநேரம் கழித்து மணி தானாக நின்றது. இறால் தப்பியது, மேல் பெட்டிகளில் மட்டும் கொஞ்சம் வியர்த்திருந்தது.

ஆனால் முதலில் எதற்கு அடித்தது? மறுபடி உள்ளே போய் ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் சோதித்தேன். இரண்டாவது அறைப் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதன் சூட்டை உணரும் பித்தளைக் குமிழில் புதிதாகக் கரி பிடித்திருந்தது. அந்தக் குங்குமம் எனக்குத் தெரியும். காலையில் அதே குங்குமம்தான் என் நெற்றியிலும் வைக்கப்பட்டிருந்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆமாளா, நான்தான்" என்றாள், கொஞ்சமும் பதறாமல். "சாமியாரு தண்ணி தெளிச்சாரு, நல்லதுதான். ஒன் பெட்டிக்கு ஒருத்தரும் சூடம் காட்டலியே. நீங்க எல்லாரும் அங்கன போனதும் நான் உள்ள போயி நல்லாக் கிட்டத்துல காட்டுனேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டு. சாமி ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சுக் கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

முதலாளி பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த ரூம்ல காட்டுனிய?"

"ரெண்டாவதுல. மத்த மூணும் பாக்கி."

முதலாளி அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "தங்கச்சாமி, ஒரு சூடத்துக்கே மணி அடிக்குன்னா வேலை சுத்தம்தான். ஆனா எந்த ரூமுன்னு இந்தப் பிள்ளையோட பெட்டிக்குத் தெரியல, அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு, தனித்தனி வெளக்குப் போடு. இல்லன்னா அந்தம்மாவையும் சேத்து வேலைக்கு வை."

ஓர் ஆளுக்கே யோசிக்கிற அண்ணாச்சி, விளக்குகளைத் தேர்ந்தெடுத்தார். மிச்சம் பிடித்த கம்பியெல்லாம் செலவாகி, மேலும் வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் முழுக்க அவருடைய பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, விளக்குமாற்றை நானே நின்று போட்டு முடித்தேன். கடைசி நாள் அவர் வந்து நான்கு விளக்குகளையும் பார்த்தார். "நாளைக்கு ஆறுமுகநேரில ஒரு வேலை இருக்கு. காலைல வந்திரு" என்றார். வேலை நிரந்தரம் என்பதை அவர் மொழியில் அப்படித்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் இப்போதும் யார் எதைத் தொலைத்துவிட்டுத் தேடினாலும் என் தம்பி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எந்த ரூம், தாயி?" என்பான். மார்கழியில் நான் கோல மாவை எடுத்தால், "வயரு மிச்சமா, அக்கா?" என்பான்.

அது போகட்டும். அதன் பிறகு எந்தக் கட்டடத்தில் வேலை முடித்தாலும், ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டின் அருகிலும் சூடு காட்டி, அதற்குரிய விளக்குத்தான் எரிகிறதா என்று பார்ப்போம். நல்ல சோதனை. அண்ணாச்சியின் ஆட்கள் எல்லோரும் இதற்குச் 'சூடம் காட்டுறது' என்றுதான் பெயர் வைத்தார்கள். சாமான் பையில் திருப்புளி, டெஸ்டரோடு ஒரு சூட டப்பாவும் இருக்கும்.

அதை வாங்கி வைப்பது அம்மா. டப்பாவைக் கொடுக்கும்போதெல்லாம் மறக்காமல் கேட்பாள்: "அந்த மூணு பெட்டிக்கும் காட்டிட்டியாளா?"