கொப்பளிப்பானைக் கைது செய்ய வந்தவர்

டென்மார்க்கிலேயே கொப்பளிப்பான் என்ற சின்னம்மை நோயைக் கைது செய்ய முயன்ற ஒரே மனிதர் எங்கள் பி.எச்.ஐ. அண்ணைதான்.

எண்பதுகளின் நடுவில் கோல்டிங்கில் எங்கள் அடுக்குமாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பி.எச்.ஐ. இங்கே மீன் தொழிற்சாலையில் பெட்டி கழுவினார். வேலை போனாலும் பதவி போகவில்லை. மனைவியும், கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்த மகளும் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கட்டடத்துப் பிள்ளைகளிடையே கொப்பளிப்பான் பரவியது.

"என்ர பிள்ளை வாறதுக்குள்ள இந்தக் கட்டடம் சுத்தமாகோணும்" என்றார்.

அவருடைய வழிமுறை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நகரங்களுக்காக வகுக்கப்பட்டது: வீடு வீடாகப் போ, நோயாளியைக் கண்டுபிடி, தொற்றின வழியைப் பிடி. அப்போது நான் கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். டென்மார்க்கின் வழிமுறையை எடுத்துச் சொன்னேன். அது ஒரே வரி: சொறியாதபடி பிள்ளையின் நகத்தை வெட்டவும்.

அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலருகிலும் குந்தியிருந்து விசாரித்தார்.

"தம்பி, ஆரிட்டையிருந்து வந்தது?"

பிள்ளை டேனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

"சந்தேகநபர் ஒத்துழைக்கிறாரில்லை" என்றார் என்னிடம்.

வேப்பிலைக்கு எங்கே போவது? நோயுள்ள வீட்டு வாசல்களில் பேர்ச் மரக்கிளையைக் கட்டினார். கீழ்வீட்டு பிர்கிட் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்து, கேக்கோடும் மகனோடும் வந்துவிட்டாள். நோயென்று நான் விளக்கியதும் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடம் தொடங்க முதல் இவனுக்கும் வந்து முடியட்டும் என்று மகனை நோயாளியின் கட்டிலிலேயே ஏற்றிவிட்டாள். இந்நாட்டில் அது வழக்கம்.

"வருத்தத்துக்கு வெத்திலை பாக்கு வைச்சோ அழைக்கிறா?" என்று அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லா வீட்டுக்கும் போய்வந்தவர் ஒன்றை மறந்துவிட்டார். சிறுவயதில் அவருக்கு அந்த நோய் வந்ததேயில்லை.

குடும்பத்தை ரயில் நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். முகமெல்லாம் கொப்பளத்தோடு அவர் மேல்மாடி யன்னலில் நின்றார். "மேல வராதேங்கோ. தனிமைப்படுத்தல்" என்றார்.

மனைவி அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு காலமும் தனிய இருந்தது காணாதாமோ? அண்ணை, இந்தப் பெட்டியைப் பிடியுங்கோ" என்று என்னிடம் நீட்டிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளைக்கும் கொப்பளம். விசாரணை அதிகாரியிடம் நானே கேட்டேன்: "அண்ணை, ஆரிட்டையிருந்து வந்தது?"

மடியிலிருந்த மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"என்னட்டையிருந்துதான்."

ஒரு குற்றத்தை அவ்வளவு பெருமையாக ஒருவர் ஒப்புக்கொண்டதை, ஓய்வுபெறும்வரை எந்த அலுவலகத்திலும் நான் பார்க்கவில்லை.