ஆறாவதில் விளக்கு, ஏழாவதில் மாமன்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழையையும் சேர்த்து. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒற்று எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதையெல்லாம் ஆறாவதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. பேனர் கடையில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் இதை டைப் அடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முழுதும் படித்த பிறகு கேட்க மாட்டீர்கள்.

ஏரியூரில் ஒரு பேனர் கடையில் வேலை செய்கிறேன். முதலில் அங்கே போட்டோ லேமினேஷன்தான் செய்துகொண்டிருந்தேன். டிசைன் போடுகிற ஆள் ஒருநாள் பெங்களூருக்குப் போனவர் திரும்பவில்லை. முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மெனுவில் இருப்பதை வாசிக்க மாட்டேன், எண்ணுவேன். மேலிருந்து மூன்றாவது நிழல், ஐந்தாவது ஓரம். இப்படியே ஆறு வருஷம் ஒரே சாஃப்ட்வேரில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஓட்டிவிட்டேன். யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு முதலாளி புது சாஃப்ட்வேர் ஒன்று கொண்டுவந்து போட்டார். பழையதையும் எடுக்கவில்லை. பெயர்கள் பழையதில், போட்டோக்கள் புதியதில் என்று ஆனது. எனக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

பழையதில் மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் பக்கம் மேலே போகும், கீழே வரும். புதியதில் சில நேரம் பக்கம் நகரும், சில நேரம் படம் பெரிதாகும். கடைசியாக எந்த மெனுவைத் தொட்டோமோ அது மூடின பிறகும் சக்கரத்தை விடாது. நாம் பக்கத்தை நகர்த்துகிறோம் என்று நினைத்துச் சுற்றுவோம். உள்ளே மெனுவில் ஏழாவது ஆறாவதாகிவிடும். அம்புக்குறி பட்டனும் அப்படித்தான். பழையதில் எஸ்கேப் அடித்தால் "ஒன்றும் செய்யாதே, இருந்தபடியே விடு" என்று அர்த்தம். புதியதில் எஸ்கேப் அடித்தால் மெனு மட்டும் மூடும், நடந்தது நடந்ததுதான். பென்னாகரம் பஸ்ஸில் ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், தர்மபுரி பஸ்ஸில் அதே ஒரு விசிலுக்கு வண்டி கிளம்பும் என்றால் மனிதன் எப்படி இறங்குவான்? (இதை முதலாளியிடம் கேட்டேன். "பாத்து எறங்கு" என்றார்.)

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கவிதாவின் மகள் தாரணிக்குக் காதுகுத்து வைத்தார்கள். கவிதாவைப் பொம்மிடிப் பக்கம் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. நான் ஒருவன்தான் தாய்மாமன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. (பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் நான் தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு வீட்டுத் தரையும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.) எனக்கும் மடி என்று ஒன்று இருப்பதற்கு முதல் முதலாக வேலை வந்திருந்தது. அதற்கென்றே புது வேட்டி எடுத்து, விறைப்பு போக மூன்று முறை துவைத்தும் வைத்திருந்தேன்.

பேனரும் நான்தான் போட்டேன். தங்கை வீட்டுக்காரர் முருகேசன், "மச்சான், மத்தவிய படம் எப்பிடியோ போவுது, உங்க படம் பெருசா வரோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புது சாஃப்ட்வேரில் போட்டோவுக்கு ஃப்ரேம் போட ஒரு மெனு உண்டு. அதில் ஆறாவது, இறந்தவர்களுக்கு உரியது. மாலை தொங்கும், கீழே குத்துவிளக்கு எரியும். ஏழாவது பூ வளைவு. மாமன், சித்தப்பன் எல்லாருக்கும் அதுதான். முருகேசனின் காலமான அப்பாவுக்கு ஆறாவதைப் போட்டேன். கடைசியாக என் படத்துக்கு ஏழாவதைப் போட்டேன். தலைப்பைச் சரிபார்க்கலாம் என்று சக்கரத்தை மேலே ஒரு டிக் சுற்றினேன். பக்கம் நகரவில்லை. அழுக்கு ஏறியிருக்கும் என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று எஸ்கேப்பை அடித்துவிட்டு, ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து எல்லாப் பெயரையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தேன்.

என் படத்தை மட்டும் பார்க்கவில்லை. என் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்க்க எனக்கு வெட்கம். அது திரையில் வந்தபோதெல்லாம் இடது கையால் மறைத்துக்கொண்டேன்.

ஃபைல் பிரிண்டுக்குத் தர்மபுரிக்குப் போனது. சுருட்டின பேனர் அங்கிருந்து நேராகப் பொம்மிடிக்கு பஸ்ஸில் ஏறியது. விசேஷத்துக்கு முதல்நாள் காலை கட்டுகிற ஆட்கள் மூங்கில் நட்டுக் கட்டிவிட்டார்கள். நான் அப்போது சீர் வரிசையோடு பஸ்ஸில் இருந்தேன். கவிதா போன் செய்தாள். பஸ்ஸில் நாலு பேர் காதில் விழப் பேச எனக்குக் கூச்சம், எடுக்கவில்லை. பொம்மிடியில் இறங்கும்போது பதினோரு மிஸ்டு கால்.

வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டு டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் என்னையே பார்த்தார்.

"மாமனுக்குத் தம்பிங்களா?"

எதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சம். "ஆமாங்க" என்றேன்.

"அப்பிடியே உரிச்சு வெச்ச மாரி இருக்கறீங்க. பாவம், சாவற வயசா அது? என்னாங்க ஆச்சு?"

அவர் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். ரோட்டுக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன், பன்னிரண்டடி உயரத்தில். கழுத்தில் மாலை. கீழே குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிகிறது. பக்கத்தில் முருகேசனின் அப்பா, துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிற மாதிரி இருந்தார்.

"யாருமே எதிர்பாக்கலீங்க. திடீர்னு ஆயிடுச்சு" என்றேன். இரண்டுமே உண்மைதான்.

கவிதா வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. உள்ளே பேச்சு சூடாக இருந்தது. முருகேசனின் அண்ணன் கோவிந்தன்தான் அந்த வீட்டில் பெரியவர். கெட்டவரில்லை, சகுனம் பார்க்கிறவர்.

"வெளக்கு வெச்ச ஆளு மடியில கொழந்தைய எப்பிடிம்மா உக்கார வெக்கறது? ஊரே பாத்துருச்சு. எம் பொண்டாட்டி தம்பி இருக்கறான், அவனும் மாமன் மொறைதான். அவன் மடியில வெச்சுக் குத்திக்கலாம்."

என்னைப் பார்த்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேச வேண்டிய முறை. என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் பேசியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "மவுசு ஒரு டிக்கு மேல ஏறிப்போச்சுங்க" என்றேன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேனர்ல ஒரு படம் வந்ததுக்கே மவுசு ஏறிப்போச்சா ஒனக்கு?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அது அந்த மவுசு இல்லை என்று விளக்கப் பார்த்தேன். மூடின மெனு சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை, எஸ்கேப் கைவிட்டதை, ஆறாவதும் ஏழாவதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில், இந்த ஆளுக்கு உயிர் இருந்தாலும் புத்தி போய்விட்டது என்பது தெரிந்தது.

கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை, என் தங்கைதானே. "எங்கண்ணன் மடியில உக்காரலீன்னா கம்மலு பொட்டியிலயே கெடக்கட்டும்" என்றாள்.

பெரியவர் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாலை பரவால்ல. சீர் கொண்டார மாமனுக்கு மாலை போடறதுதான். வெளக்குதான் ஒதைக்குது" என்றார்.

"வெளக்கு மட்டுந்தானுங்களே?" என்றேன்.

பந்தல்காரரிடம் ஏணி வாங்கினேன். கத்தரிக்கோலும் பசையும் வாங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். பேனரின் அடியில் ஓரமாகத் தாமரைப் பூ வரிசையாக வரும்படி போட்டிருந்தேன். அதில் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். பெரியவர் கீழே பிடித்துக்கொண்டார். ரயிலில் இறங்கி வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "செத்தவிய தானே ஏறறாங்க பாரு" என்று யாரோ குழந்தைக்குக் காட்டினார்கள்.

டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டியே வந்துவிட்டார். "தம்பின்னு சொன்னீங்க?"

"அண்ணனும் நாந்தாங்க" என்றேன் மேலிருந்து.

வேறு வழியில்லாமல் அன்றுதான் என் முகத்தை முழுதாகப் பார்த்தேன். மூக்கே எனக்கு முழம் நீளம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விளக்கின் மேல் தாமரையை வைத்தேன். பெரியவர் கீழேயிருந்து "எடது பக்கம் ஒரு விரக்கடை" என்றார். இடது பக்கம் நகர்த்தினேன். பூ இடது பக்கமே நகர்ந்தது, வேறு ஒன்றும் மாறவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இறங்கினதும் அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்தாகிவிட்டது என்று எங்கள் பக்கம் சொல்ல மாட்டார்கள், நல்ல வார்த்தையாகத்தான் சொல்வார்கள். "வெளக்கு குளிந்துருச்சு. வாப்பா, சாப்புடலாம்" என்றார்.

மறுநாள் காலை தாரணி என் மடியில்தான் உட்கார்ந்தாள். முதல் காதுக்கு ஊரே கேட்கக் கத்தினாள். இரண்டாவது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தாள். நான் நகரவே இல்லை.

இப்போதெல்லாம் எந்த மெனுவைத் தொட்டாலும், சக்கரத்தில் விரல் வைப்பதற்கு முன் காலி இடத்தில் ஒரு கிளிக் அடித்து அதன் பிடியை விடுவிப்பேன். கடையில் அதற்கு மாமன் கிளிக் என்று பெயர். கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலாளி முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

தாரணி இப்போது ஏழாவது படிக்கிறாள். இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், நீயே எழுதிக் கொடு மாமா என்று நோட்டும் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். முருகேசனுக்குக் கவலை வேறு. பேனர் கட்டின தேதி வந்தால் வருஷம் தவறாமல் எனக்குப் போன் செய்வார். "மச்சான், இன்னிக்கி உங்களுக்குத் திதி. எங்க வூட்டுல காக்காய்க்குச் சோறு வெச்சாச்சு. நீங்க சாப்டீங்களா?"

சற்று முன்தான் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஏரியூர்,
ஆவணி மாதம் பதினோராம் தேதி.