அமெரிக்கச் சட்டத்தால் அத்தான் பட்ட பாடு

எனக்குச் சட்டம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் வாழ்நாளில் மொத்தம் பதினேழு நாட்கள்தான். அந்தப் பதினேழு நாளுக்குள் ஒரு குற்றமும் செய்யாத என் அக்கா புருஷனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோயிருப்பேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். (கொண்டுபோயிருப்பேன்தான். அப்போது எனக்கிருந்த வேகம் அப்படி.)

இருபதுகளின் நடுவில் ரங்கூனில் நடந்த கதை இது. எனக்கு வயது இருபத்து மூன்று. ஓர் அமெரிக்கத் துரை நடத்திய இறக்குமதி ஆபீசில் டைப்பிஸ்ட். துரை ஊரோடு போய்விடுவது என்று கிளம்பியபோது ஆளுக்கொரு சாமானாகக் கொடுத்துவிட்டுப் போனார். மானேஜருக்குச் சுவர்க்கடிகாரம். வாசல் தர்வானுக்குச் சாய்வு நாற்காலி. எனக்கு அட்டை போன ஒரு தடிப் புத்தகம். அமெரிக்காவில் ஒருவனைக் கைது செய்வதிலிருந்து தீர்ப்புச் சொல்வது வரை குற்ற வழக்கை எப்படி நடத்துகிறார்கள் என்று விளக்கும் புத்தகம். துரை அதை ஏன் வைத்திருந்தார், எனக்கு ஏன் கொடுத்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

புத்தகத்தின் பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. முன்பாதியில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று இருந்தது. அந்த உரிமைகள் எங்கே செல்லாது, எப்போது செல்லாது என்பதெல்லாம் பின்பாதியில் இருந்திருக்க வேண்டும். அதைப் படித்தது கரையான் மட்டும்தான்.

நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஆற்றோரம், கெம்மண்டைன் கடைத்தெருவுக்குப் பின்னால் மர வீடு. அத்தான் மாரிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, அவருடைய தொண்டைக்குத் தணிவான குரல் என்பதே மறந்துபோயிருந்தது. வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் எடுத்து நீட்டுவார்கள். மனுஷனுக்குப் பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. தூக்கத்திலும் பேசுவார்.

ஒருநாள் அவர் டூரியன் பழம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு டிராம் ஏறினார். எட்டு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்கு அதன்மேல் ஆசை. கண்டக்டர் கோ பா தெய்ன் என்ற பர்மியர், நாற்றம் பிடித்த பழத்தோடு ஏறக் கூடாது என்றார். அத்தான், இதைவிட நாறுகிறவர்களை ஏற்றியிருக்கிறீர்களே என்றார். வண்டி வளைவில் திரும்பியது. பழம் நழுவி, முள்ளும் கனமுமாகக் கண்டக்டரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. டிராம் நின்றது, போலீஸ் வந்தது. வேண்டுமென்றே காயப்படுத்தியதாக வழக்கு, சம்மன்.

கோர்ட்டில் போய், 'கை நழுவிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும் விஷயம். தண்டனை என்று ஆனால்தான் துறைமுகத்தில் வேலை போகும். ஆகவே அன்று சாயங்காலம் நான் புத்தகத்தோடு அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தான், கோர்ட்டுல நீங்க வாயே தொறக்கக் கூடாது."

"நானா?" என்றார் அத்தான்.

"இவரா?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"ஒருத்தன் தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க அரசியல் சட்டம், அஞ்சாவது திருத்தம். குத்தத்தை ருசுப்படுத்த வேண்டியது சர்க்காரோட வேலை. நீங்க சும்மா நின்னாலே போதும்."

"பேரு கேட்டா?"

"அதுவும் சொல்லாதீங்க. ஒரு நூல் கிடைச்சா அதைப் புடிச்சே இழுத்துடுவானுங்க."

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏண்டா ரத்தினம், நாம ரங்கூன்லல்ல இருக்கோம்?"

அந்தப் பதினேழு நாட்களில் எங்கள் வீட்டில் எழுப்பப்பட்ட ஒரே உருப்படியான சட்டக் கேள்வி அதுதான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு நீதியின் பொதுத் தத்துவம் புரியாது என்று நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே ஓர் அறை விடத் தோன்றுகிறது.)

அதோடு விட்டேனா? அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்துதான் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அவர்களைக் கோர்ட்டே பொறுக்கி எடுக்கும் என்பதும் இருந்ததோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. நானே திரட்டினேன். சலவைக்காரர், இரண்டு படகோட்டிகள், கிரேன் பட்டறை ஆட்கள், கோயில் பண்டாரம் என்று பதினொரு பேர் தேறினார்கள். பன்னிரண்டாவது ஆளாக, பக்கத்து வீட்டில் மொகிங்கா விற்கும் டோ மியா சுருட்டும் கையுமாகத் தானே கிளம்பிவிட்டார். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் விற்றே நாலு பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாள். அவரிடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பதினான்கு பேரும் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது, ஏதோ துறைமுக வேலைநிறுத்தம் என்று நினைத்துக் கான்ஸ்டபிள் கதவை மூடப் பார்த்தான்.

மாஜிஸ்திரேட் ஊ தூன் மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த பர்மியர். வழக்கு எண் வாசித்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அத்தானிடம் பெயர் என்ன என்று கேட்டார்.

அத்தான் உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

மறுபடி கேட்டார். தெலுங்கில் கேட்டார். இந்துஸ்தானியில் கேட்டார். மாஜிஸ்திரேட்டே பர்மியில் கேட்டார். அத்தானுக்கு நாலு பாஷையும் தெரியும். நாலு பாஷையிலும் பதில் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

நான் எழுந்தேன்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, குற்றம் சாட்டப்பட்டவர் மௌனமாக இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறார்."

"நீ வக்கீலா?" என்றார் மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில்.

"இல்லைங்க. டைப்பிஸ்ட்."

"எந்தச் சட்டப்படி பேசுகிறாய்?"

"அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். ஜூரிகளையும் கையோடு அழைத்து வந்திருக்கிறோம்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அமெரிக்கா ரங்கூனில் எந்த வார்டில் இருக்கிறது?"

நான் பதில் யோசிப்பதற்குள் டோ மியா பெஞ்சிலிருந்து எழுந்து பர்மியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "பழத்தைப் போட்டது இவர்தான். ஆனா நல்ல மனுஷன். விட்டுடுங்க!"

என் ஜூரிகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மாஜிஸ்திரேட் இன்னொரு முறை அத்தானை உற்றுப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். அத்தானின் மூக்கிலிருந்து முன்னைவிட நீளமாக ஒரு 'ம்ம்ம்' வந்தது.

"இந்த ஆளின் புத்தி சுவாதீனத்தில் உள்ளதா என்று தெரியவேண்டும். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து டாக்டர் ரிப்போர்ட் அனுப்பட்டும்" என்று எழுதிவிட்டு மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். போலீஸ் வண்டி நகரும்போது நான் பின்னாலேயே ஓடிக் கத்தினேன்: "அத்தான்! அங்கேயும் வாயத் தொறக்காதீங்க! டாக்டர் கேட்டாலும் சொல்லாதீங்க! அதுவும் காவல்தான்!"

அத்தான் கம்பிக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார். படித்த மச்சினன் சொல்கிறான் என்று அவ்வளவு நம்பிக்கை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா அழவில்லை. மறு புதன்கிழமை அவளுக்கு வளைகாப்பு. பாய் மேல் கண்ணாடி வளையல்களை நிறம் நிறமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் ஒரு துணியில் திரும்ப முடிந்தாள். முடிந்துவிட்டு, "அவரு என்னடா தப்பு பண்ணினாரு? எனக்குப் பழம் வாங்கப் போனாரு. அவ்வளவுதானே?" என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் துறைமுகத்திலிருந்து ஃபோர்மன் ஆள் அனுப்பினார்: அடுத்த செவ்வாய்க்குள் மாரிமுத்து வராவிட்டால் கிரேனுக்கு வேறு ஆள். அன்று ராத்திரி சோற்றை ஒதுக்கிவிட்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கரையான் தின்ற பக்கங்களில் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று பார்வையாளர் நாள் இல்லை என்று விட மறுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு செய்தி தெரிந்தது: கிரேன்காரர் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். டாக்டருக்கே புதிராக இருக்கிறதாம். இப்படியே போனால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிடுவாராம்.

வெளியே வந்து ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தேன். சுற்றுச்சுவரோரம் செங்கல் அடுக்கியிருந்தார்கள். ஏறினேன். தூரத்தில் மரங்கள்தான் தெரிந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"அத்தான்! பேசுங்க! இனிமே பேசலாம்! அஞ்சாவது திருத்தத்தை நான் வாபஸ் வாங்கிட்டேன்! அமெரிக்காவை மறந்துடுங்க!"

தோளில் ஒரு கை விழுந்தது. ஆறடிக்கு மேலிருந்த பஞ்சாபித் தர்வான். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையை இறக்குவதுபோல என்னை இறக்கி, "வாங்க பாபு, உள்ளே போகலாம்" என்றார் இந்துஸ்தானியில். நான் எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் குரல் கனிந்தது. அமெரிக்கத் துரை, கரையான், டூரியன், பன்னிரண்டு ஜூரி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் சிங்காரவேலு. தமிழ் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"ஐயா, நான் நோயாளி இல்லீங்க."

"ஆமா, ஆமா. இங்க யாருமே நோயாளி இல்ல. பேரு?"

"ரத்தினசாமி. நான் சட்டம் படிச்சவன்..."

"படிச்சவர்தான். பார்த்தாலே தெரியுது. வயசு?" என்று கேட்டுக்கொண்டே ரிஜிஸ்தரில் நிதானமாக எழுதினார். எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். 'அறிகுறி: சுவரோடு அமெரிக்கச் சட்டம் பேசுகிறார்.'

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். நான் கெஞ்சியதைக் கேட்டு, கிரேன்காரரை அழைத்துவரச் சொன்னார். அத்தான் ஆஸ்பத்திரிச் சட்டையில், ஐந்து நாள் தாடியோடு வந்து நின்றார்.

"இவரைத் தெரியுமா?" என்று டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார். கம்பவுண்டர் அதைத் தமிழில் சொன்னார்.

அத்தான் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே 'பேசட்டுமா?' என்று கேட்டார். நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

"தெரியுமே ஐயா!" என்று அத்தான் போட்ட சத்தத்தில் மருந்துப் புட்டிகள் அதிர்ந்தன. "என் பொண்டாட்டி தம்பி! பைத்தியம் எனக்கில்ல, இவனுக்குத்தான்! இவனை உள்ள போட்டுட்டு என்னை வெளிய விடுங்க!"

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் நிறுத்தவில்லை. டிராமில் ஏறியதிலிருந்து ஆரம்பித்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லாதது வரைக்கும் வந்தார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'பூரண சுவாதீனமுள்ளவர், தெளிவாக நிதானிக்கக்கூடியவர்' என்று ரிப்போர்ட் எழுதினார். அத்தானை அன்றே அனுப்பிவிட்டார்கள். என் பெயர் ரிஜிஸ்தரில் ஏறிவிட்டதால், யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் என்னை விடுவார்களாம்.

சாயங்காலம் அத்தான் சொல்லி டோ மியா வந்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று சுருட்டுப் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பவுண்டரிடம், கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தார். அதன் பிறகுதான் போட்டார்.

திங்கட்கிழமை கோர்ட்டில், "கை நழுவிருச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார் அத்தான். கட்டைவிரல் ஆறிவிட்டது என்று கோ பா தெய்ன் செருப்பைக் கழற்றியே காட்டினார். சமாதானம், வழக்கு முடிந்தது. மாஜிஸ்திரேட் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்த என்னைத் தேடிப் பிடித்து, "அமெரிக்கா ஏதாவது சொல்ல விரும்புகிறதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அத்தான் கிரேன் ஏறினார். புதன்கிழமை அக்கா முடிச்சை அவிழ்த்து வளையல்களை எடுத்தாள். வந்த பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய சந்தனத்தை என்னை அரைக்கச் சொன்னாள். அதுதான் எனக்கு மன்னிப்பு.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். புரோக்கர் சொன்ன வீட்டுக்குள் நுழைந்தால், பெண்ணின் அப்பா கம்பவுண்டர் சிங்காரவேலு. நான் வாசலோடு திரும்பப் பார்த்தேன். அத்தான் விடவில்லை.

பெண்ணின் சித்தப்பா ஒருவர் கறாரான ஆள். "மாப்பிள்ளையைப் பத்தி நல்லா விசாரிச்சீங்களாண்ணே?" என்று சபையில் கேட்டார்.

"விசாரிக்கிறதாவது? நானே அட்மிஷன் போட்டவன்டா" என்றார் கம்பவுண்டர். "தன்னால ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு செவுரு ஏறிக் கத்தின பய. எம் பொண்ணை அவன் கைவிட மாட்டான்."

கல்யாணம் நடந்தது. மாமனார், ரிஜிஸ்தரில் எழுதிய அந்த 'அறிகுறி' வரியைத் தன் மகளுக்கு மனப்பாடமாகவே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். இப்போது என் மீசை நரைத்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் விரலை உயர்த்தி எதையாவது நிலைநாட்ட ஆரம்பித்தால், என் மனைவி பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பேரு ரத்தினசாமி. அறிகுறி ஆரம்பிச்சுடுச்சு. யாராச்சும் டோ மியாவைக் கூப்பிடுங்க, கையெழுத்து வேணும்" என்பாள்.

டோ மியா எங்களை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. ஆகவே நான் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.