அப்பாவின் இடுப்பில் ராக்கெட் பீங்கான்

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பும் படிப்பும் நிறைந்த (படிப்பு சற்று வழிந்தே போன) தம்பி ஜெபஸ்டினுக்கு அக்கா கெசியா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் பெங்களூரில் நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம். அப்பா இடுப்புக்கு மேலே சுகம். கைப்பேசியில் பேசி அனுப்பினால் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் மனைவி சொன்னதால் தபாலில் எழுதுகிறேன். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பல் துலக்குவதற்கும் முன்னால், அப்பாவின் வலது இடுப்புக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் கைப்பேசியைப் பிடித்ததுதான். உன் உத்தரவு அது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது இடுப்பிலிருந்து வரும் 'கிறீச்'சைப் பதிவு செய்து உனக்கு அனுப்ப வேண்டும். நேற்று அனுப்பியதில் காக்காவும் குக்கரும் சேர்ந்துவிட்டன, சுத்தமான சத்தம் வேண்டும் என்று நீ திருப்பி அனுப்பிவிட்டாய். அதனால் இன்று குக்கரை ஏற்றவில்லை. காக்காவிடம் நான் என்ன சொல்ல முடியும்? நான் முட்டி போட்டு முன்னால் நகர, அப்பா மேலிருந்து கேட்கிறார், "என்னட்டி, இன்னைக்கு என்ன பாடுது? கீர்த்தனையா, பாமாலையா?" "ரெண்டும் இல்லப்பா, கதவு பாடுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். இப்போதெல்லாம் ஒரு நாளில் அவர் நடப்பது இந்த எட்டடிதான். மூன்று வாரமாக இப்படி. தொடைத் தசை கரைகிறது, இன்னும் ஒரு மாதம் இப்படியே உட்கார்ந்தால் பிறகு எழுப்ப முடியாது என்று செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார். இதை உன் கணினியில் எந்தக் கட்டத்தில் போடுவாய்?

இந்த இடுப்பு எப்படி வந்தது என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் படுத்துகிறேன். போன வருஷம் அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் அமைதியாகச் சொன்னார்: "எழுபத்து நாலு வயசு. உலோகக் குண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் போதும்." வெளியே இருபத்து மூன்று நோயாளிகள் காத்திருக்க, அவர் மேசைமேலேயே நீ மடிக்கணினியைத் திறந்தாய். ராக்கெட் மூக்கு, விசையாழி, குண்டு துளைக்காத சட்டை என்று படம் படமாக ஓட்டினாய். ஸ்கூட்டர் பிளக்கில் இருப்பதும், அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் பொறி கிளப்புவதும், தறியில் நூல் உரசி ஓடும் கண்ணியும் நீ ஆராய்ச்சி செய்கிற பொருள்தான் என்று அந்த மனிதருக்கு, எலும்பு பார்க்கும் மனிதருக்கு, பாடம் எடுத்தாய். "ஓ, பீங்கானா?" என்று நான் கேட்டதற்கு உன் முகம் போன போக்கு! "அக்கா, அத பீங்கான்னு சொல்லாத. அது உயர்தொழில்நுட்ப செராமிக்." பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். அலுமினிய ஆக்சைடையும் சிர்க்கோனிய ஆக்சைடையும் மாவாகக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரத்தைந்நூறு டிகிரியில் சுட்டெடுப்பது எனக்கும் தெரியும். மண்ணைச் சுட்டாலும் மாவைச் சுட்டாலும் சுட்டது பீங்கான்தான். அது தேயாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "முப்பது வருஷம் அப்படியே இருக்கும்பா" என்று நீ சொன்னபோது அப்பா என்ன சொன்னார்? "முப்பது வருஷமா? ஏலே, எனக்கு நூத்திநாலு ஆகும்லா. கடைசி எக்காளம் ஊதி, செத்தவுக எல்லாம் எழும்புத அன்னைக்கு எனக்கு முன்னால அதுதான் எந்திரிச்சு நிக்கும்." டாக்டர் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. மகேந்திரகிரி ராக்கெட்டில் மேலே போகிற சாமான் அப்பா இடுப்புக்கு வந்தாக வேண்டும் என்று நின்றாய். அப்பா மேலே எங்கும் போவதாக இல்லை, தம்பி. முருகன்குறிச்சியில் பழம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் அவர்.

ஆறாம் மாதம் சத்தம் தொடங்கியது. முதலில் பீரோ என்று நினைத்துப் பீரோவுக்கு எண்ணெய் விட்டேன். பிறகு கேட்டுக்கு. பிறகு சமையலறைக் கதவுக்கு. வீட்டில் கீல் உள்ள எல்லாமே வழுக்கிக்கொண்டு திறந்த பிறகுதான் அது அப்பா என்று தெரிந்தது. உனக்குப் போன் செய்தால், "அப்படியாக்கா! சில பேருக்குத்தான் இப்படி வரும். கிண்ணம் கொஞ்சம் சாய்ஞ்சு விளிம்பு உரசுது, நடுவுல ஈரம் வத்துது" என்கிறாய். பரிசு விழுந்தவன்கூட அப்படிக் குதிக்க மாட்டான்.

சரி, மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பதினேழு வருஷமாக ஆராதனையில் ஆண்கள் பக்கம் காணிக்கைப் பை பிடிப்பவர் அப்பா. அன்றைக்கு என்ன அவசரமோ, காணிக்கைப் பாட்டு ஒரு சரணம் முன்னதாகவே முடிந்துவிட்டது. அதுவரை இடுப்புச் சத்தத்தை மூடி வைத்திருந்த ஆர்கன் நின்றது. போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். ஐந்நூறு பேர் அசையாமல் நிற்கிறார்கள். அப்பா பையோடு நடுப்பாதையில். பீடத்துக்கு இன்னும் பதினோரு அடி. கிறீச். அவர் நின்றார். நின்றால் சத்தமில்லை, ஆனால் காணிக்கையோடு அங்கேயே நின்றுவிட முடியுமா? மெதுவாக அடி வைத்துப் பார்த்தார், சத்தம் நீண்டுகொண்டே போனது. வேகமாக வைத்துப் பார்த்தார், எலிக்குஞ்சு கூட்டமாகக் கத்துவது போல வந்தது. ஆறாவது அடியில் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா? வரிசை முழுவதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. மீதி ஐந்தடியையும் அப்பா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வெளியே வந்தால் அப்பாத்துரை அண்ணன் நிற்கிறார், சபையில் எல்லாருக்கும் வைத்தியம் சொல்கிறவர். "அண்ணாச்சி, தேங்காண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்களேன்" என்றார். "எங்கன விட?" என்று அப்பா கேட்டார். எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்ட மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் சேக் முகம்மது பாய் பாவம், நல்ல எண்ணத்தில் கேட்டார்: "நம்ம பிளக்குல வெள்ளையா இருக்குமே, அதே சாமான்தானா அண்ணாச்சி? அது கீறல் விட்டா வண்டி நின்னுரும். பாத்து, பைய இறங்குங்க." அப்பா மெதுவாகவே இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். பை பிடிக்க இனி வேறு ஆள் பார்க்கச் சொல்லிப் போதகருக்குச் சீட்டு எழுதினார். அவ்வளவுதான் அவர் நடை.

இதற்கு நீ கண்ட தீர்வு என்ன? பதினெட்டாம் தேதி ரயிலுக்கு இரண்டு டிக்கெட். பெங்களூரில் இடுப்பை மறுபடி திறந்து இதைவிடப் புதிய பீங்கான் வைக்கப் போகிறாயாம். இங்கே டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டார். கீறல் இல்லை, எலும்போடு நன்றாகப் பிடித்திருக்கிறது, வெறும் சத்தத்துக்காகக் கத்தி வைக்க வேண்டாம், நடக்க வையுங்கள், அது போதும் என்கிறார். உனக்கு அது போதாது. ஏனென்றால் அப்பாவின் சத்தத்தை ஐதராபாத் கருத்தரங்கில் முந்நூறு பேருக்குப் போட்டுக் காட்டப்போகிறாய், அதற்குப் பின்னால் சத்தமில்லாத இடுப்பையும் காட்ட வேண்டும். இதையும் உன் மனைவிதான் சொன்னாள். சபையில் ஐந்நூறு பேர் கேட்டது உனக்குப் போதவில்லையா? பெற்ற தகப்பனைச் சோதனைச்சாலைப் பொருளாக வைத்திருக்கிறாய். அவரை நாற்காலியில் உட்கார வைத்தது உன் பீங்கான்தான். வேறு யாரும் இல்லை.

ஆகவே டிக்கெட்டுகளை ரத்து செய். காலைப் பதிவும் இன்றோடு நின்றது. என் முட்டிக்கு எந்தப் பீங்கான் நல்லது என்று மட்டும் தயவுசெய்து எழுதாதே. பிள்ளைகளுக்கு முத்தங்கள், உன் மனைவிக்கு என் நன்றி. கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, உன் வாயைச் சற்று ஓய்ந்திருக்கச் செய்வாராக.

அன்புள்ள அக்கா,
கெசியா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், ஒட்ட மனம் வரவில்லை. 'பெண்கள் பக்கம் யாரோ' என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? நான்தான். ஆறாவது அடியில், தம்பி, அடக்கவே முடியவில்லை. அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார், "முதல்ல சிரிச்சது யாருட்டி?" "பாக்கலப்பா" என்றேன். "கேட்ட குரல் மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலி. ஆகவே உன் பீங்கானைப் பற்றி எழுதியதில் முக்கால்வாசியை அடித்துவிட்டுப் படி. டிக்கெட்டைப் பற்றி எழுதியதை மட்டும் அடிக்காதே. இன்று மாலைக் குடும்ப ஜெபத்தில், அப்பா வேதத்தைத் திறப்பதற்கு முன்னால், சிரித்தது நான் என்று சொல்லிவிடப் போகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் இந்தக் கடிதம் வந்து சேரும்போதுதான் தெரியும். அவர் திட்டினால் திட்டட்டும். கோபத்தில் எழுந்து தெருக்கோடி வரை போய்விட்டார் என்றால், பின்னாலேயே நானும் போவேன். எந்தப் பக்கம் போனார் என்று தேட வேண்டியிருக்காது.