பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

“இது சும்மா கிடக்கும். ஆபத்தெண்டால் மட்டும் மூடியைத் திறந்து அமத்திறது. மேல சற்றலைற் பிடிக்கும், ஆக்கள் தேடி வருவினம். வேற ஒரு கரைச்சலும் இல்லை,” என்று தோடம்பழம் போலச் செம்மஞ்சளாயிருந்த கருவியைத் தூக்கிக் காட்டினாள் விஜிதா.

“அப்ப ஆபத்து வராட்டி?” என்று கேட்டான் தவராஜா.

“வராட்டி நல்லதுதானே!”

“அதில்லை. ஆபத்து வராட்டி நீர் எங்க நிக்கிறீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

விஜிதா கருவியை மேசையில் வைத்துவிட்டுப் புருஷனை ஒரு மாதிரிப் பார்த்தாள். மேசையில் இரண்டு கருவிகள் கிடந்தன. பறக்கும் கிளப்பில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக் கொடுத்தவை. தோடம்பழ நிறத்தது பீக்கன். கறுப்பு நிறத்தது ட்ரக்கர். அது ஆபத்து வருகிறதோ இல்லையோ, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் நிற்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளியாக வீட்டிலிருப்பவர்களின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்; வீட்டிலிருந்து அனுப்பும் செய்தியையும் வாங்கும், மூடிக்குள் ஒரு ஆபத்துப் பொத்தானும் உண்டு.

வரும் கோடையில் விஜிதா சின்ன விமானம் ஒன்றில் சுவீடனின் வடக்கு மலைகளுக்குப் போகப் போகிறாள். ஏரிக்கரைப் புல்வெளியில் இறங்குவது, கூடாரம் அடிப்பது, மறுநாள் அடுத்த ஏரிக்குப் பறப்பது. போனுக்குச் சிக்னல் கிடைக்காத காடு. இப்படி ஒரு கருவி இல்லாமல் கிளப்பில் விடமாட்டார்கள்.

விமானத்தில் இரண்டே இரண்டு இருக்கைகள். மற்ற இருக்கையில் கார்ஸ்டன்.

தவராஜாவின் வயிற்றெரிச்சலுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் பஸ் ஓட்டுகிற மனுஷன் அவன். பனியோ மழையோ, ஒரு நிறுத்தம் தவறாமல் ஊரைச் சுற்றுகிறவன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் விஜிதாவுக்குப் போன பிறந்தநாளுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு விமானச் சவாரி பரிசளித்தார்கள். பாழாய்ப்போன பரிசு! ஒரு முறை மேலே போய் வந்தவள் அடுத்த மாதமே பழகப் போய்விட்டாள். இப்போது லைசென்ஸ் வேறு. பழக்கியவன் கார்ஸ்டன்.

“கார்ஸ்டன் காத்து அடிச்சாலும் பதறமாட்டார்” என்பாள். “கார்ஸ்டன் தேவையில்லாமல் கதைக்கமாட்டார்” என்பாள். இருபது வருஷமாக ஒரு பஸ்ஸை எங்கும் முட்டாமல் ஓட்டுகிறவனைப் பற்றி அவள் ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? இல்லை.

அதைவிட இன்னொன்று அவனுக்கு முள்ளாய்க் குத்தியது. விஜிதா அவன்மேல் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. மற்ற மனிசிமார் கலியாண வீடுகளில் புருஷன்மாரை ஒரு கண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவளோ, “பாவம், மரினாவுக்கு பஸ் இல்லை, ஒருக்கா கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ” என்று ஊரிலேயே வடிவான பெண்ணைத் தானே காரில் ஏற்றிவிடுவாள். மரினாவும் வழி முழுக்க அவனை அங்கிள் என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். தன்னை ஒருத்தரும் கொத்திக்கொண்டு போகமாட்டார்கள் என்று சொந்த மனிசியே முடிவு கட்டிவிட்டாளே என்று அவனுக்கு மனம் வெந்தது.

“எனக்கு ட்ரக்கர்தான் வேணும்,” என்றான்.

“பறக்கிறது நானோ நீங்களோ?”

“பயப்பிடுறது நான்!”

வழக்கமாக இந்த இடத்தில் விஜிதா ஒரு அரை மணித்தியாலம் வாதாடுவாள். அன்று ஏனோ உடனே அடங்கிவிட்டாள்.

“சரியப்பா. ரெண்டும் இருக்கட்டும். பீக்கன் என்ர ஜக்கெற்றுக்க. ட்ரக்கரை எங்க வைக்கிறதெண்டு நானே பாக்கிறன்.”

வென்றுவிட்டோம் என்ற சந்தோஷத்தில் தவராஜா தேத்தண்ணீர் போட எழுந்தான். மகள் சாரங்கியைக் கூப்பிட்டு தன் போனிலும் அவளுடைய போனிலும் வரைபடத்தைப் போடுவித்தான். அவசரத்துக்கு அழைக்கவேண்டிய ஆள் யார் என்று அது கேட்டது. முதலாவது இலக்கம் தன்னுடையது என்று அடித்துச் சொன்னான். இரண்டாவதாகக் கார்ஸ்டனின் இலக்கத்தை விஜிதா கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான்.

சாரங்கி டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிற பிள்ளை. அது என்னவென்று கேட்காமல் இருப்பது நல்லதென்று தவராஜா விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை கார்ஸ்டன் தன் காரில் வந்து விஜிதாவை ஏற்றிக்கொண்டு போனான். மலைப் பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகைப் பறப்பு. கிளம்புமுன் விஜிதா ட்ரக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போனதைத் தவராஜா பார்த்தான். திரும்பி வந்து, “நீங்கள் இண்டைக்கு எங்க?” என்று கேட்டாள்.

“கோயில் கூட்டம்.”

“போன கிழமையும் கூட்டம்தானே?”

“போன கிழமைக் கூட்டம் முடியேல்லை.”

“ம்,” என்றாள் விஜிதா.

கூட்டமாவது மண்ணாவது! போன சனிக்கிழமைகளில் அவன் போனது ஊருக்கு வெளியே இருந்த புல் ஓடுபாதைக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் காருக்குள் இருந்து, மனிசியும் கார்ஸ்டனும் சிரித்துச் சிரித்து விமானத்தைத் தள்ளுவதைப் பார்த்து வயிறு எரிவான். போன கிழமை ஒரு படி மேலே போய், லாங்கோ என்ற பக்கத்து ஊரில் இருக்கும் கார்ஸ்டனின் வீட்டையும் தேடிப்பிடித்து, எவ்வளவு பெரிசென்று பார்க்கும் ஆசையில் அதன் வாசலிலேயே காரை நிறுத்தி வைத்திருந்தான். பெரிய வீடுதான். அதுவும் ஒரு எரிச்சல்.

கார் போய்க் கன நேரமாகியும் நீலப் புள்ளி தவராஜாவின் வீட்டடியிலேயே நின்றது.

“இதென்ன விசர் சாமான்? அசையுதே இல்லை!”

“நானென்ன சற்றலைற்றோ?” என்றாள் சாரங்கி, தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொறுமை போய், காரை எடுத்தான். போன கோடையில் ஜெர்மனிக்குப் போகக் கூரையில் பூட்டிய நீல நிறப் பெட்டி இன்னும் கழற்றாமல் அப்படியே கிடந்தது. அதைக் கழற்றச் சொல்லி மாதக்கணக்காய்ப் பிடுங்கித் தின்ற விஜிதா, இந்தக் கிழமை வாயே திறக்கவில்லை.

பாதி வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தான். ஆகா, புள்ளி அசைந்துவிட்டது! ஓடுபாதைப் பக்கம் வருகிறது. அவன் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் புள்ளியும் வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே விமானமும் இல்லை, கொட்டகையில் ஆளும் இல்லை. பூட்டிய கதவும், மஞ்சளாய்ப் பூத்த கடுகு வயலும், காற்றாலைகளும்தான்.

தவராஜா கணக்குப் போட்டான். விமானம் வானத்தில். புள்ளி தரையில். அப்படியென்றால் வேறு யாரோ விமானத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் இங்கேதான் எங்கேயோ நிற்கிறார்கள்!

கொட்டகையைச் சுற்றி வந்தான். முள் குத்தியதுதான் மிச்சம். இனி என்ன, கார்ஸ்டனின் வீடுதான். காரை லாங்கோவுக்கு விட்டான். வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது போனைப் பார்த்தான். புள்ளி அதே தெருவில், அவனுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

“அட பாவி! வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போறானே!”

கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஒரு கிழவரின் ட்ராக்டர் மட்டும் வந்தது. வேறு பாதையால் வருகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். கார்ஸ்டனின் வாசலில் காரை நிறுத்தி, வேலிச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தான். ஒரு காரும் வரவில்லை. ஆனால் புள்ளி வந்துவிட்டது. வரைபடத்தில் வீட்டின்மேலேயே ஏறி நின்றது.

பின் கதவால் போயிருக்கிறார்கள்!

எழுந்து போய் மணியை அமத்தினான். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. முதலில் அடியா, முதலில் பேச்சா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கதவைத் திறந்தவள் ஒரு பெண். பொன்னிறத் தலைமுடி, கையில் மாவு, முகம் நிறையச் சிரிப்பு.

“நீங்கள் விஜிதாவின் கணவர்தானே! நான் சுசான, கார்ஸ்டனின் மனைவி. போன கிழமையும் உங்கள் காரை வெளியே பார்த்தேன். ஏன் உள்ளே வராமல் போனீர்கள்?” என்று டெனிஷில் கேட்டாள்.

மனைவி! கார்ஸ்டனுக்கு மனைவி இருக்கிறாள்! தவராஜாவின் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவனுக்குச் சுசானவைக் கட்டிப்பிடித்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

“விஜிதா இங்கே…?”

“அவர்கள் இரண்டு பேரும் மேலேதான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் வீட்டுக்கு மேலால் பறந்து போனார்கள். போன சனிக்கிழமையும் இப்படித்தான் தாழப் பறந்து எனக்குச் செட்டையை ஆட்டிக் காட்டினார்கள். வாருங்கள், கோப்பி குடிக்கலாம்.”

குடித்தான். ருபார்ப் கேக்கும் சாப்பிட்டான். இரண்டாவது துண்டையும் வேண்டாமென்று சொல்லவில்லை. கார்ஸ்டனும் தானும் மகன் பிறந்த வருஷம் முதல் இதே வீட்டில்தான் என்று சுசான சொல்லச் சொல்ல, அவனுக்குக் கார்ஸ்டன்மேல் பாசமே வந்துவிட்டது. போகும்போது ஒரு போத்தல் ஜாமும் கொடுத்தாள்.

வாசலுக்கு வந்தவனுக்குப் புள்ளியின் ஞாபகம் வந்தது. இன்னும் இங்கேயே நிற்கிறதே! ஆள் வானத்திலென்றால் இது ஏன் தரையில்? கேட்டுவிடுவோம் என்று, “எங்க நிக்கிறீர்?” என்று ட்ரக்கருக்கு ஒரு செய்தி அனுப்பினான்.

சிறிது நேரத்தில் தலைக்கு மேலே ‘கீங்’ என்று ஒரு சத்தம். தவராஜா வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடியும் ‘கீங்’. காரின் கூரையிலிருந்து.

நீலப் பெட்டியைத் திறந்தான். வெறும் பெட்டிக்குள், ஒரு துவாயில் பத்திரமாகச் சுற்றியபடி, ட்ரக்கர் கண் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. காலையிலிருந்து அவன் துரத்தியது தன்னையேதான்.

“ஐயோ, மறந்துபோய் இதுக்க வைச்சிட்டாளே! மனிசி இது இல்லாமலெல்லோ பறக்குது!”

‘கீங்’ என்று அது மறுபடி கத்தியது. நிறுத்துவதற்கு எங்கேயோ ஒரு மூடியைக் கிளப்பி, உள்ளே இருந்த பொத்தானைப் பலமாக அமத்தினான். சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது.

வெளிநாட்டு இலக்கம். ஒரு பெண் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்: “விஜிதாவின் கருவியிலிருந்து ஆபத்துச் சமிக்ஞை வந்திருக்கிறது. அவர் எங்கே என்று தெரியுமா?”

“அவ வானத்தில.”

“கருவி தரையில் நிற்கிறதே?”

“ஓம். அது என்ர கையில.”

“உங்களுக்குக் காயமா?”

“இல்லை, இல்லை. கை தவறி அமத்திப்போட்டன்.”

“சரி. இரண்டாவது இலக்கத்துக்கும் செய்தி போய்விட்டது. பதிவுக்காகக் கேட்கிறேன், அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?”

தமிழிலேயே பதில் இல்லாத கேள்வி. ஆங்கிலத்தில் எங்கே போவான்? “கோப்பி குடிச்சனான்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

வானத்தில் கார்ஸ்டனின் போனுக்கு என்ன போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். ஆபத்து, இடம்: உன்னுடைய வீடு. வீடு வரும் வழியெல்லாம் ஒரு நல்ல பொய்யைத் தேடினான். கிடைத்ததெல்லாம் ஓட்டைப் பொய்கள்தான்.

விஜிதா அவனுக்கு முன்பே வந்திருந்தாள். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிற சத்தம் நல்லதாகப் படவில்லை.

“கூட்டம் முடிஞ்சுதோ?” திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“ஓம்.”

“எங்க நடந்தது?”

“கோயிலிலதான்.”

கத்தி பலகையில் குத்திக்கொண்டு நின்றது. “கோயிலில இப்ப ஜாமும் குடுக்கினமோ?”

தவராஜா கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். அதில் சுசானவின் பெயர் வடிவான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“இஞ்சை பாரும் விஜி, நீர் இந்த ட்ரக்கரைக் காரில மறந்து வைச்சிட்டுப் போனதாலதான்…”

“சாரங்கி!” என்று விஜிதா உரத்துக் கூப்பிட்டாள். “உன்ர அப்பாவோட நான் இண்டைக்குக் கதைக்கமாட்டன். கேக்கச் சொன்னதை நீயே கேள்!” குசினிக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

சாரங்கி போனோடு அறையிலிருந்து வந்தாள். திரையில் அவன் காலையிலிருந்து போன பாதை முழுவதும் நீலப் புள்ளிகளாய்க் கிடந்தது. பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, அம்மா அதை மறந்துபோய் வைக்கேல்லை, போன கிழமை மேலயிருந்து எங்கட நீலப் பெட்டியைக் கார்ஸ்டன்ர வீட்டு வாசல்ல கண்டவவாம், உள்ளுக்க இருந்து அழுதுகொண்டு கேக்கிறா, அந்தச் சுசான தன்னைவிட வடிவோவாம்.”