ஆயிரம் மீட்டருக்குள் ஓர் அடுப்படி

மனித குலம் இதுவரை எழுப்பிய கட்டடங்களில் மகத்தானது சொந்த வீடு. மாளிகைகளை அரசர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள். சொந்த வீட்டைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள். இதைப் பெற்றோரே பலமுறை சொல்லியிருப்பதால் சந்தேகப்பட இடமில்லை.

இந்தத் தியாக வரலாற்றில் தனி அத்தியாயம் பெறத் தகுந்தவர் நம் சர்வேயர். நில அளவையில் பத்தொன்பது ஆண்டு அனுபவம். அண்ணன் தம்பிகளுக்கு நடுவே அவர் நட்ட எல்லைக்கல் ஒன்றுகூட இன்றுவரை அசைந்ததில்லை. அண்ணன் தம்பிகள்தான் அசைந்து வேறு ஊர்களுக்குப் போயிருக்கிறார்கள். அளக்காத எதையும் அவர் நம்புவதில்லை. ஒரே மகளின் உயரத்தைக்கூட ஒவ்வொரு பிறந்தநாளிலும் படுக்கையறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, மில்லிமீட்டர் சுத்தமாக எழுதி, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இடுவார். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவள் பெயர் வாண்டு.

குடியிருந்தது வாடகை வீடு. இரண்டு அறை. வாண்டுவின் கட்டில் ஜன்னலோரம். ஐந்து வீடு தள்ளி அவள் படித்த பள்ளிக்கூடம். அங்கே தலைமையாசிரியை தானே வந்து மணியடிப்பார். அவர் வராந்தாவில் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் வாண்டு பால் டம்ளரைக் கீழே வைப்பாள். அதற்குப் பிறகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். இப்படிப்பட்ட பின்தங்கிய நிலையில் குடும்பம் மூன்று ஆண்டுகளாக மகிழ்ச்சியாக இருந்துவந்தது.

அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவர்தான் கண்ணைத் திறந்தார். "பொண்ணு எங்க சார் படிக்கிறா?" என்று கேட்டார். சர்வேயர் சொன்னார். சக ஊழியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதீங்க சார், இன்னும் காலம் இருக்கு" என்றார். அதுவரை வருத்தப்பட ஏதும் இருப்பதாகச் சர்வேயருக்குத் தெரியாது. அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஓர் அட்டவணை பிறந்தது. தலைப்பு: 'மகளின் நலன் கருதி'. மொத்தம் நூறு மதிப்பெண். பள்ளியின் தரத்துக்கு அறுபது, அமைவிடத்துக்கு முப்பது, வீட்டின் நிலைக்குப் பத்து. அந்தப் பத்தையும் கூரை, சுவர், தண்ணீர், வெளிச்சம் என்று நான்காகப் பிரித்திருந்தார். மனைவி மருந்துக்கடையில் மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவர் என்பதால் இதையும் சிரமமில்லாமல் படித்து முடித்தார்.

"வாங்கப் போறது வீடு. வீட்டுக்குப் பத்து மார்க்தானா?"

"வீட்டை இடிச்சுக் கட்டிக்கலாம். பள்ளிக்கூடத்தை நாம இடிச்சுக் கட்ட முடியுமா?"

மனைவி காய் நறுக்கப் போய்விட்டார்.

பிறகு நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமையே அந்தக் குடும்பத்துக்கு இல்லை. முப்பத்தொரு வீடுகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. ஒரு வீடு நல்ல வெளிச்சமாக, ஒழுகாமல், மாடிப்படி கிறீச்சிடாமல் இருந்தது. அதன் ஜன்னல் தாழ்ப்பாளை மனைவி இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். மூடியது. ஆனால் அது 'தரமான' பள்ளிக்குப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் முப்பத்தாறு மதிப்பெண்ணே பெற்றுத் தோற்றுப்போனது. வீட்டுக்காரர் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்காத குறை.

தரமான பள்ளி என்று நகரத்தில் ஒன்றுதான் இருந்தது. அதற்கு மிக உயரமான மதில். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தரம் என்பதே அதுதான். சர்வேயர் பதினொரு பேரிடம் விசாரித்தார். பதினொரு பேரும் அது பிரமாதமான பள்ளி என்று நம்பத்தகுந்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். அந்த நம்பத்தகுந்தவர்கள் யார் என்று கேட்டபோது, மிச்சம் பத்துப் பேரைக் கை காட்டினார்கள்.

பள்ளியின் விதி எளிமையானது. தலைவாசலின் நடு மையத்திலிருந்து நேர்கோட்டில் ஆயிரம் மீட்டருக்குள் 'நிரந்தரமாகக் குடியிருக்கும்' குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இடம். அந்த வட்டத்துக்குள் வீடு விலைக்கு வருவதே இல்லை. வந்தாலும் அதன் விலையைச் சொல்லும்போது தரகரே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

முப்பத்திரண்டாவது வீட்டைக் காட்டியபோது தரகர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "சார், இது எல்லைக்கு வெளிய. அதனாலதான் உங்க கைக்கு எட்டுற மாதிரி இருக்கு."

வீட்டின் நிலையைப் பற்றியும் அவர் விவரமாகவே எடுத்துரைத்தார். கூடத்துச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஓடிய விரிசல், சுவர் மூச்சுவிடுவதற்காக ஏற்பட்டது. படுக்கையறைக் கூரையில் விரிந்திருந்த ஈரத் திட்டு, கோடைக்காலத்தில் குளுமை தருவது. குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்குகிறதே என்று மனைவி கேட்டதற்கு, "அவசரம் இல்லாத வீடும்மா இது" என்றார்.

சர்வேயர் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை, கொல்லைப்புறத்தில் தனியாக ஒட்டிக்கொண்டு நீண்டிருந்த சமையலறை மீது நிலைகுத்தியிருந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே கருவி, முக்காலி, நாடா சகிதம் பள்ளித் தலைவாசலில் போய் நின்றுவிட்டார். காவலாளி, சாலை போடுகிறார்கள் என்று நினைத்து நன்றி சொன்னார். ஒன்பது மணிக்குக் கணக்கு முடிந்தது. ஆயிரமாவது மீட்டர், அந்த வீட்டுச் சமையலறை வாசற்படியில் சரியாக வந்து உட்கார்ந்தது. கூடமும் படுக்கையறையும் வெளியே. சமையலறை உள்ளே.

சாதாரண மனிதராக இருந்தால் வீடு வெளியே என்று விட்டுவிட்டு வந்திருப்பார். சர்வேயருக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த உண்மை தரகருக்குத் தெரியாது. விற்பவருக்குத் தெரியாது. உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பத்தொன்பது ஆண்டு அனுபவத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா? அட்டவணையில் பள்ளிக்கு அறுபதுக்கு அறுபது, அமைவிடத்துக்கு முப்பதுக்கு முப்பது. வீட்டின் நிலைக்கு ஒன்றரை. அதுவும் வெளிச்சத்துக்கு, கூரை வழியாக வந்தது.

மனைவி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவ இங்க நல்லாத்தானே இருக்கா? ஜன்னல் இருக்கு, கூப்பிடுற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கு. போன வாரம் என்னை உக்கார வச்சுப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தா, தெரியுமா?"

"எல்லாம் அவளுக்காகத்தான்" என்றார் சர்வேயர்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எட்டு வயசுப் பிள்ளைக்கு மீட்டர் கணக்கு என்ன தெரியும்?"

வீடு வாங்கப்பட்டது. குடிபுகுந்த அன்றே சர்வேயர் சமையலறை வாசற்படியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தார். வாண்டுவின் கட்டில் மளிகை அலமாரிக்குக் கீழே போடப்பட்டது. காய் நறுக்கும் மேடை, மதியத்துக்குப் பிறகு படிப்பு மேசை. புத்தகங்கள் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் அகர வரிசையில் நின்றன. வாண்டு கட்டிலில் ஏறிப் பார்த்து, "ஜன்னல் எங்கப்பா?" என்றாள். புகைபோக்கியைக் காட்டினார்.

அடுத்த வாரம் பள்ளியின் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். கோட்டைப் பார்த்தார். தன் வரைபடத்தைப் பார்த்தார். தனியாக ஒருமுறை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அளவைக்காரர் இருவர் ஒரே எண்ணில் சந்திப்பது அரிய நிகழ்ச்சி. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சர்வேயரின் கண் லேசாகக் கலங்கியது.

"மாணவி குடியிருக்கிறது இங்கதானா?" என்றார் அலுவலர்.

"அடுப்படியிலதான் இருக்கேன்" என்றாள் வாண்டு.

"அப்பா அம்மா?"

"அவங்க வெளியூர். கோட்டுக்கு அந்தப் பக்கம்."

பொய் சொல்லக் கூடாது என்று பழைய பள்ளியில் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பள்ளிக்கு அட்டவணையில் இருபத்திரண்டு மதிப்பெண் கிடைத்திருந்தது.

அலுவலர் பேனாவை மூடினார். "குடும்பம் குடியிருக்கணும்னு விதி, சார். இங்க குழந்தை மட்டும் குடியிருக்கு. பெற்றோர் எல்லைக்கு வெளிய இருக்கீங்க. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்."

தியாகத்துக்கு ஏது எல்லை? அன்றே இரண்டு பாய்கள் கோட்டைத் தாண்டி வந்தன. பீரோ வந்தது. சர்வேயரின் முக்காலி கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. மூவரில் ஒருவர் திரும்பிப் படுக்க வேண்டுமானால் மற்ற இருவரிடமும் முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது. மனைவி பால் காய்ச்ச எழுந்தால் சர்வேயர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். கூடமும் படுக்கையறையும் காலியாகக் கிடந்து, ஆற அமர ஒழுகிக்கொண்டிருந்தன.

"வாடகை வீட்டுல மூணு பேருக்கு ரெண்டு ரூம்" என்றார் மனைவி. "சொந்த வீட்டுல மூணு பேருக்கு ஒரு அடுப்படி. நாம முன்னேறிட்டோம்ல?"

சர்வேயர் ஆமோதித்தார்.

அலுவலர் மறுபடி வந்து பீரோவையும் பாய்களையும் எண்ணிப் பார்த்துவிட்டு, எட்டிக் கூடத்தைப் பார்த்தார். "அது?"

"அது வெளியூர்ல இருக்கிற எங்க சொத்து" என்றார் சர்வேயர்.

இடம் கிடைத்தது.

முதல் நாள். பெற்றோரும் வகுப்பில் வந்து நிற்கலாம் என்று அழைப்பு. பின்சுவர் ஓரமாக அப்பாக்களும் அம்மாக்களும் தேய்த்த உடையில், தியாகமே உருவாக வரிசையில் நின்றார்கள். மதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சர்வேயர் முதன்முறையாகப் பார்த்தார். கரும்பலகை இருந்தது. பெஞ்சுகள் இருந்தன. பிள்ளைகள் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பாசிரியை மூச்சிரைக்க வந்தார். இரண்டு பேருந்து மாறி வருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் எழுந்து தன் வீட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றார். ஒரு சிறுமி மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தாள். ஒருவன் கார் நிறுத்தும் இடத்தில்; கார் வெளியூரில் இருந்தது. இரட்டையர் ஒரு பால்கனியில் குடியிருந்தார்கள். சர்வேயருக்குத் திக்கென்றது. உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த உண்மை வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது.

வாண்டுவின் முறை வந்தது. சொன்னாள். ஆசிரியை அவளுடைய பழைய சான்றிதழைப் புரட்டினார். சர்வேயர் அந்தப் பள்ளியின் பெயருக்காக மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமித் தயாரானார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்தா வந்திருக்கே? என் பொண்ணு அங்கதான் படிக்கிறா" என்றார் ஆசிரியை. "அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம். அதுக்காகவே அந்தத் தெருவுல ஒரு வருஷமா வீடு தேடினோம். ஒண்ணும் காலியாகலை. போன மாசம் யாரோ திடீர்னு காலி பண்ணிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து அஞ்சே வீடு. என் பொண்ணு ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு, மணியடிக்கிற வரைக்கும் நகர மாட்டேங்குறா."

"டம்ளரைக் கீழ வச்சுட்டு ஓடினா சரியா இருக்கும் டீச்சர்" என்றாள் வாண்டு.

ஆசிரியை அவளைப் புதிதாகப் பார்த்தார். "கதவு நிலையில பென்சில் கோடெல்லாம்…"

"என்னோடது."

"அழிக்க மனசு வரலைம்மா. எங்க பொண்ணையும் அதுலயே நிக்க வச்சு அளக்குறோம்." பின்சுவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா சார் அது? அந்த வீட்டை எதுக்குக் காலி பண்ணீங்க?"

சர்வேயரிடம் விடை தயாராக இருந்தது. நான்கு மாதமாக அதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறார். "மகளின் நலன் கருதி" என்றார்.

"நாங்களும் அதுக்குத்தான் சார் அங்க போனோம்" என்றார் ஆசிரியை.

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டார். வாண்டு இன்னும் உட்காரவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"டீச்சர், அங்க அடுப்படியில யாரு இருக்காங்க?"

"அடுப்படியிலயா?" ஆசிரியைக்குக் கேள்வி புரியவில்லை. "அடுப்புதான்மா இருக்கு. வேற யாரு இருப்பாங்க?"

வகுப்பு கொட்டாவியை நிறுத்தியது. படிக்கட்டுக்கு அடியில் இருப்பவளும், கார் நிறுத்தும் இடத்தில் இருப்பவனும், பால்கனி இரட்டையரும் ஆசிரியையை வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு முப்பத்திரண்டு தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, பின்சுவரோரம் நின்ற தியாகிகளைப் பார்த்தன.