வலுச்சாமியாரும் நாற்பத்திரண்டு கிலோ நெல்லும்

வெல்லாவெளியில் ஒரு கிழமையாகத் திருவிழா. கோயிலில் இல்லை, நெல் ஆலைக்கு எதிரே மருத மரத்தடியில்! வலுச்சாமியார் வந்திருக்கிறார். அவர் கையில் கட்டிவிடும் அச்சரக்கூட்டுக்குள், அதுதான் அந்தத் தாயத்துக்குள், அனுமார் குடியிருக்கிறாராம். அனுமாருக்கும் வேறு வேலை இல்லை பாருங்கள்.

அத்தாட்சி வேண்டுமா? அச்சரக்கூடு கட்டிய சீடன் ரதீஸ், ஈர்க்கில்போல ஆள், மரக்கொப்பைப் பிடித்துத் தொங்கி, நாடி கொப்பைத் தொடும்வரை உடம்பைப் பன்னிரண்டு தரம் இழுத்தேற்றினான். ஆலையில் மூட்டை சுமக்கும் நல்லரத்தினம், ஆனை மாதிரி மனுசன், அச்சரக்கூடு இல்லாமல் ஏறியது ஒரே தரம்தான். சனம் அரோகரா போட்டது.

"உன்ட வலுவச் செய்வினை உறிஞ்சிற்று. கழிப்புக் கழிக்கோணும். அதுக்குக் காணிக்கையாப் பால்மாட்டக் கொண்டா" என்றார் சாமியார்.

நல்லரத்தினம் பயந்துபோய் மூன்று நாள் வேலைக்கே போகவில்லை. நாலாம் நாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே பெண்சாதி சீதேவி அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அது என்ட சீதன மாடு! பிள்ளையளுக்குப் பாலுக்கு எங்க போற?"

அந்தச் சத்தம் கேட்டு, ஆலையில் நெல் நிறுக்கும் நிருஷா தராசை உருட்டிக்கொண்டு வந்தாள். இருவரையும் ஏற்றி நிறுத்தாள். நல்லரத்தினம் தொண்ணூற்று நாலு கிலோ. ரதீஸ் ஐம்பத்திரண்டு.

"அண்ணன் தூக்கினது தொண்ணூத்தி நாலு. இவர் தூக்கினது அம்பத்திரண்டு. மிச்சம் நாப்பத்திரண்டு கிலோ நெல்ல இவர்ர இடுப்பில கட்டுவம். அச்சரக்கூடு கையிலேயே இரிக்கட்டும். மறுகா ஒரே ஒருக்கா ஏறட்டும் பாப்பம்."

கட்டினார்கள். ரதீஸ் தொங்கினான். முக்கினான். முகம் சிவந்ததே தவிர, ஆள் ஒரு விரற்கடையும் மேலே போகவில்லை.

சாமியார் கண்ணை மூடினார். "மூட்டையிலயும் செய்வினை இரிக்கு!"

"அப்ப மூட்டைக்கும் கழிப்புக் கழிங்க சாமி. ஆனா அதுக்கிட்ட மாடு இல்லியே!" என்றாள் நிருஷா.

சனம் சிரித்து முடிப்பதற்குள் சாமியார் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். சீடன் மூட்டையை அவிழ்க்கத் தெரியாமல் அங்கேயே குந்தியிருந்தான்.

எனக்கு வெட்கம் எதில் தெரியுமா? மூட்டையைத் தோளில் வைத்ததுமே "ரெண்டு கிலோ குறையுது" என்று சொல்லும் ஆட்கள் நாற்பது பேர் அங்கே நின்றார்கள். தங்கள் உடம்பும் ஒரு சுமைதான் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

நல்லரத்தினம் கயிற்றை விட்டார். யாரும் இழுக்காமலே மாடு தன் வீட்டுப் பக்கம் நடந்தது. எவன் கயிற்றை நீட்டினாலும் கழுத்தைக் கொடுக்கிற நாமோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் யோசிங்கவன்!